கீமோ நாற்காலியில் சிக்குக் கோலம்: செய்து பார்த்த அனுபவம்

வலது மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிய பிறகு, குனிந்து வாசலில் கோலம் போடுவது கொஞ்ச காலத்துக்கு எனக்கு இல்லை என்றாகிவிட்டது. தோளை முழுதாக அசைக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். அடுத்துத் தொடங்கவிருந்த கீமோதெரபியில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் தெருப்புழுதியிலும் கோலப்பொடித் தூசியிலும் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது இன்னொரு காரணம். பரிசு வாங்கும் அளவுக்குக் கோலம் போடத் தெரிந்தவள் அல்ல நான். ஆனாலும் விடிந்தால் கை அதைத் தேடியது. அதனால் நோட்டில் போடத் தொடங்கினேன். சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் எது கைகூடியது, போட்டதைப் பிறரிடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதை, இதே வழியில் முயல நினைப்பவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருட்கள். சின்னக் குழந்தைகளின் பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டே இதற்குப் போதும். கட்டங்களின் மூலைகளில் புள்ளி வைத்துவிட்டால் அளவுகோல் தேவையில்லை. மாவு விரலை விட்டு விழுவதில் இருக்கும் சுகம் பேனாவில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும். மார்க்கர் பேனாவின் ஸ்பிரிட் வாடை மருந்து ஏறிய மறுநாளில் குமட்டலைக் கிளப்பியதால் அதை ஒதுக்கினேன். ஜெல் பேனா வாடையில்லாமல் வழுக்கிக்கொண்டு எழுதும். ஆனால் சானிட்டைசர் ஈரம் காயாத விரல் பட்டால் மை இழுவிவிடும். கடைசியில் நிலைத்தது சாதாரண பால்பாயிண்ட் பேனாதான், அதுவும் நீலமும் பச்சையும். சிவப்பை நான் தொடவில்லை. அதற்குக் காரணம், கீமோ எடுத்துக்கொண்டவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

என் சிகிச்சையின் முதல் பகுதி டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தது. டாக்ஸோரூபிசினை எங்கள் வார்டில் எல்லோரும் சிவப்பு மருந்து என்றே சொல்வோம். ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் என்பதால், சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாகச் செலுத்துவார். அந்த நேரத்தில் கையை ஆட்டக் கூடாது, நோட்டை எடுக்கவும் கூடாது. மற்ற நேரமெல்லாம் நமக்குத்தான். நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கம் ஊசி குத்தக் கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை ஆகையால் எனக்கு எல்லா ஊசியும் இடது கையில்தான் ஏறின. வலது கை சும்மா இருந்தது. நோட்டைத் தலையணைமேல் வைத்து வரையப் பழகிக்கொண்டேன்.

கோலத்துக்கு உகந்த நேரம் எது என்பதை மருந்துதான் முடிவு செய்தது. கீமோவுக்கு முன் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அன்றிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். வீடே உறங்கும்போது எனக்கு மட்டும் மூளை விளக்குப் போட்டதுபோல விழித்திருக்கும். பெரிய புள்ளிக் கோலங்களையெல்லாம் அந்த இரவுகளில்தான் போட்டேன். அடுத்து வரும் சில நாட்களில் பேனாவின் மூடியைக் கழற்றுவதே வேலையாகத் தோன்றும். அப்போது வரைந்தே ஆக வேண்டும் என்று தன்னைக் கட்டாயப்படுத்துவதில் பொருளே இல்லை என்பது என் கருத்து. “மனசை வேறு எதிலாவது செலுத்துங்கள்” என்று ஆலோசனை சொல்பவர்கள் அந்த நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அந்த நாட்களில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இனி பகிர்ந்த கதைக்கு வருகிறேன். இதில்தான் நான் எதிர்பாராத அளவுக்குக் கற்றுக்கொண்டேன். முடித்த கோலங்களை முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. “இந்த நிலைமையிலும் எவ்வளவு தைரியம்” என்றார் ஓர் உறவினர். சித்தி போன் செய்து அழுதார்; அவரைத் தேற்றுவதற்குள் எனக்குக் களைத்துவிட்டது. யாரும் கோலத்தைப் பார்க்கவில்லை என்பது விளங்கியது. எல்லோரும் என் நோயைத்தான் பார்த்தார்கள். கோலம் அதன்மேல் போர்த்திய துணியாகிவிட்டது. அன்பினால்தான் அப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும், ஆனாலும் சலிப்பாக இருந்தது.

ஒரு நாள் நடு வரைவில் மருந்துத் தூக்கம் வந்து பாதியில் நின்ற பக்கத்தைப் படமெடுத்து, “இந்த மூலையை எப்படி மூடுவது?” என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். கும்பிடும் கைகள் வரவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் பெரியம்மா, அதே புள்ளியைத் தன் முற்றத்தில் வைத்து, தன் வழியில் மூலையை மூடிப் படம் அனுப்பினார். கூடவே, “உங்க பக்கத்துல இழையை உள்ள திருப்புவீங்க, நாங்க வெளிய திருப்புவோம்ல” என்று ஒரு குரல் செய்தியும் இருந்தது. என் உடம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நோய் தெரிந்த பிறகு அவர் என்னோடு சண்டை போடும் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றிலிருந்து முடித்த கோலம் எதையும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வார்டிலும் அதையே செய்து பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், நான் வரைவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்கும் புள்ளி மட்டும் வச்சுக் குடுங்க” என்று கேட்டார். கொடுத்தேன். அவருக்குத் துணையாக வந்த கணவர், லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், மனைவி உறங்கியதும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு என்னென்னவோ எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த முறை வந்தபோது ஒரு பட்டியலோடு வந்தார். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே எல்லா இடத்திலும் இழை குறுக்கிட்டுப் போகும் எளிய சிக்குக் கோலத்தில், நீளவாட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் அகலவாட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) எவ்வளவோ அத்தனை இழைகள்தான் வரும் என்பது அவர் வரைந்து வரைந்து கண்டது. கணிதத்தில் இது முன்பே நிறுவப்பட்ட உண்மை என்று பின்னர் அறிந்தேன். அவர் அதை ஒரு மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் தானாகக் கண்டுபிடித்தார் என்பதில் அதனால் எந்தக் குறைவும் இல்லை.

அதாவது, 4-க்கு 5 என்று 20 புள்ளி வைத்தால், 4-க்கும் 5-க்கும் பொது வகுத்தி 1 மட்டுமே என்பதால், முழுக் கோலமும் ஒரே இழையில் முடியும். அந்த ஓர் இழை 31 இடங்களில் தன்னையே வெட்டிக்கொண்டு, 18 இடங்களில் விளிம்பில் திரும்பி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். 5-க்கு 5 என்று வைத்தால் 5 தனித்தனி இழைகள் வரும். அந்த 5 இழைகளும் பார்வைக்கு வெவ்வேறு வடிவம்: ஒன்று குறுக்காக ஒல்லியாக ஓடும், ஒன்று நடுவில் சதுரமாக நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் விளிம்பில் 4 முறையே திரும்புகிறது; ஒவ்வொன்றின் நீளமும் ஒன்றே.

இந்தக் கணக்கு எங்கள் பகிர்வுக்கு முறை வகுத்துக் கொடுத்துவிட்டது. ஒற்றை இழைக் கோலத்தில் ஒருவர் விட்ட நுனியை அடுத்தவர் பிடித்துத் தொடரலாம். பாதியில் உறங்கிப் போனாலும், சிஸ்டர் இரத்த அழுத்தம் பார்க்க வந்தாலும், வீட்டுக்குப் போகும் நேரம் வந்தாலும் இழை அறுந்துவிடாது. 5-க்கு 5 கோலத்தில் ஆளுக்கோர் இழை, ஆளுக்கொரு நிறம். யாருக்கும் கூடுதல் வேலையும் இல்லை, குறைவும் இல்லை. நன்றாக வரையத் தெரிந்தவர் முழுத்தாளையும் பிடித்துக்கொள்ளும் வழக்கமான தொல்லை இதில் எழவில்லை. நானும் மற்றொருவர் இழையைத் திருத்தப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டேன், சிரமப்பட்டுத்தான். புள்ளி வைத்த தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கூடும் இடம் என்பதால் பேனாவை மட்டும் யாரும் கைமாற்றிக்கொள்வதில்லை. அவரவர் பேனா அவரவர் பையில். வெள்ளணுக்கள் குறைந்து வீட்டோடு இருப்பவர்களுக்குத் தாள் போகாது, படம் போகும். அவர்கள் தங்கள் நோட்டில் அதே புள்ளியை வைத்துத் தங்கள் இழையைப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டாம் பகுதியில் பாக்லிடாக்சல் தொடங்கியதும் விளையாட்டு மாறியது. வாரம் ஒன்றாக 12 வாரம் கொடுப்பது இதன் வழக்கமான முறைகளில் ஒன்று. குமட்டல் குறைவு, ஆனால் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். எனக்கு விரல் நுனிகள் மரத்தன. பேனா கையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. மருத்துவரிடம் உடனே சொன்னேன். எவ்வளவு மரப்பு, சட்டை பொத்தான் போட முடிகிறதா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இதைச் சின்ன விஷயம் என்று மறைக்கக் கூடாது, மருந்தின் அளவையே இதை வைத்து மாற்ற வேண்டி வரலாம். பேனாவைச் சுற்றிக் கிரேப் பேண்டேஜ் துண்டைத் தடிமனாகச் சுற்றியதில் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தது. நோட்டின் கட்டம் மட்டும் போதவில்லை. சிறிய வளைவை விரல்தான் போட வேண்டும், விரலோ மரத்திருந்தது.

அப்போது கொழுந்தனார் மகள் ஆன்றி மத்தீஸைப் பற்றிச் சொன்னாள். அவர் பிரெஞ்சு ஓவியர். 1941-இல் குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவர். நிறம் தீட்டிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய வடிவங்களை உதவியாளர்களைக் கொண்டு சுவரில் குத்தி இடம் மாற்றி அமைத்து, 1954-இல் இறக்கும்வரை படைத்துக்கொண்டே இருந்தார். உற்சாகமாகத் தாள் வெட்டிப் பார்த்தேன். மரத்த விரலுக்குக் கத்தரிக்கோல் பேனாவைவிட மோசம். வெட்டுக்காயம் பட்டால் எனக்கு அது சின்னக் காயமும் அல்ல. மத்தீஸுக்குத் தாளில் நிறம் தீட்டிக் கொடுக்கவே ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இருந்தது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவள் ஒருத்திதான். ஆனால் அவரிடமிருந்து வேறொன்று எடுத்துக்கொண்டேன். வான்ஸ் ஊரின் சிற்றாலயத்துக்காக வேலை செய்தபோது அவர் நீண்ட மூங்கில் கழியின் முனையில் கரிக்கோலைக் கட்டிச் சுவரில் வரைந்தார். விரல் செய்ய வேண்டியதைத் தோள் செய்தது.

எனக்கும் தோள்தான் வேலை கேட்டுக்கொண்டிருந்தது. சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்றும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகே சொல்லிக் கொடுத்திருந்தார்; சலிப்பினால் நான் அதை அரைகுறையாகச் செய்துவந்தேன். சார்ட் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் புள்ளி வைத்து, தடித்த கிரேயானால் தோளிலிருந்து இழுத்து வரைந்தேன். மேல் வரிசைப் புள்ளியைச் சுற்ற வேண்டுமானால் கையைத் தூக்கியே ஆக வேண்டும். இயன்முறை மருத்துவரிடம் காட்டிக் கேட்டேன். கனமான தூக்கல் இல்லை, வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். தாளை வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டினேன். இழை கோணல்தான், ஆனால் அளவு பெரிதாகும்போது கோணலும் ஓர் அழகாக மாறுகிறது. என் கணவர் மட்டும் சுவரின் சுண்ணாம்பைப் பற்றிக் கவலைப்பட்டார்.

அந்தப் பயிற்சி கதிர்வீச்சுக்கு உதவியது. மார்புக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அந்த நிலையே வேதனை. தொடங்குவதற்கு முன் தொழில்நுட்பர் என் மார்பில் மையால் கோடுகள் போட்டு, முடியும்வரை இவற்றைத் தேய்த்துக் குளித்துவிடாதீர்கள் என்றார். நேராக வந்திருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்ததில் அவருக்குச் சிரிப்பு. ஒவ்வொரு நாளும் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், அதில் கோலம் போட வழியில்லை; காத்திருக்கும் வரிசை நீளமாக இருந்ததால் தாள் அங்கேயும் கை மாறத் தொடங்கியது. கதிர்வீச்சுப் பிரிவில் ஆண்கள் அதிகம். தொண்டைப் புற்றுநோய்க்கு வந்திருந்த ஒரு பெரியவர், பேச முடியாதவர், 5-க்கு 5 தாளில் குறுக்கு இழையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே போட்டார். தான் கோலம் போடுவது தன் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று சைகையில் சொன்னார்.

இப்போது மாத்திரைகளும் குறித்த காலப் பரிசோதனைகளும் மட்டும். விரல் மரப்பு மெல்லக் குறைகிறது, முழுதாகப் போகவில்லை. அரிசி மாவை எடுத்து வாசலில் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எவ்வளவு மாவு இருக்கிறது என்பது உணர்வில் தெரியாததால் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் அறுந்தும் விழுகிறது. மாதம் ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் நோட்டுத்தான். புள்ளித் தாள்களின் கட்டு ஒன்று கீமோ வார்டில் சிஸ்டரிடம் இருக்கிறது. முடிந்தவற்றைப் படமெடுத்து அனுப்புகிறார். அவற்றைப் போட்டவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. லாரி புக்கிங் கணக்கர், இரண்டே பேர் இருக்கும் நாட்களுக்கு 4-க்கு 6 வைத்தால் சரியாக இரண்டு இழை வரும், மூன்று பேருக்கு 6-க்கு 9 வைக்கலாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். 6-க்கு 9 என்றால் 54 புள்ளி. நோட்டுப் பக்கத்தில் அடங்கும், ஆனால் மரத்த விரல்களுக்குக் கட்டம் சிறிது. ஏ3 தாளில் பெரிதாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று ஜெராக்ஸ் கடையில் கேட்டிருக்கிறேன்.