எண்ணெய் வைத்த தலையும் நான்கு ரப்பர் பேண்டும்

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, ஈரம் காய்வதற்குள் பின்னிப் போட்டுக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கேசதான முகாம், அதாவது புற்றுநோயாளிகளுக்கு விக் செய்ய முடி தானம் வாங்கும் முகாம். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், முடி பளபளவென்று இருக்கட்டுமே என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, பின்னலைத் தொட்டுப் பார்த்த பெண் கையைத் துடைத்துக்கொண்டே, "எண்ண பாடில்லல்லோ சேச்சி" என்றாள். எண்ணெய் கூடாதாம். ஈரமும் கூடாதாம், கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடுமாம். சரிதான், ஆனால் இதை நோட்டீஸில் ஒரு வரி போட்டிருக்கலாம். அன்றைக்கு லீவும் போச்சு, பஸ் காசும் போச்சு.

எல்லாம் சித்திக்குப் புற்றுநோய் வந்து கீமோ மருந்து போட்டபோது எடுத்த முடிவு. அந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப்போய் அடிக்கும். புற்று எது, முடிவேர் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதல் ஊசி போட்ட மூன்றாவது வாரம் தலையணையெல்லாம் முடி. மறுபடி வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியும், அதுவரை சித்தி ரேஷன் கடைக்குக்கூட முக்காடு இல்லாமல் போகவில்லை. அசல் முடியில் செய்த விக் விலையை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

வீட்டில் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "முடி குடுக்கறதுன்னா பழனியாண்டவனுக்குக் குடு. கொரியர்லயா போட்டு விடுவாங்க?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முகாமுக்காகக் காத்திருக்காமல், முடி வாங்கும் ஓர் அமைப்புக்கு போன் செய்து கேட்டுக்கொண்டேன். இடத்துக்கு இடம் விதி மாறும், அதனால் முதலில் போன், அப்புறம் கத்தரிக்கோல். நான் கேட்ட இடத்தில் குறைந்தது 12 இஞ்ச், சாயமோ மருதாணியோ போடாத முடி. ஸ்டெப் கட் செய்தவர்கள் கவனியுங்கள்: நீளமான முடியை அளந்து ஏமாறாதீர்கள், குட்டையான அடுக்குக்கும் அந்த அளவு வர வேண்டும். அதுவும் ரப்பர் பேண்டிலிருந்து நுனி வரைக்கும் உள்ள அளவு, உச்சந்தலையிலிருந்து அல்ல.

ஷாம்பு போட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பார்லருக்குப் போனேன். உட்கார்ந்ததும் அந்தப் பெண் பழக்கதோஷத்தில் தண்ணீர் ஸ்பிரேயை எடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். முடியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பேண்ட். ஒரே குதிரைவாலாகக் கட்டி வெட்டினால் நீளமும் வீணாகும், மிச்சத் தலையும் கோணலாகிவிடும். பேண்டுக்கும் தலைக்கும் நடுவில் வெட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டிவிட்டு, முதல் கட்டை பேண்டுக்குக் கீழே வெட்டினாள். பேண்ட் என் தலையிலேயே நின்றது, முடி தரையில் சரிந்து விரிந்தது.

"பொறுக்கிக் கட்டித் தந்துடறேன் அக்கா" என்றாள், பாவம். ஆகாது. முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனிப் பக்கம் பார்த்துப் படிந்திருக்கும். தலையும் வாலும் மாறிக் கலந்தால் விக் சிக்குப் பிடித்துக்கொள்ளும். 13 இஞ்ச் முடி முறத்தில் அள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மீதி மூன்றையும் பேண்டைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொன்றாக வெட்டவைத்தேன்.

கொரியர் கடையில் அடுத்த கூத்து. உள்ளே என்ன என்றார். முடி என்றேன். கவரைத் தள்ளி வைத்துவிட்டு, "யாருடைய முடி?" என்றார். பாலக்காட்டுப் பக்கம் முடி, எலுமிச்சம்பழம், முட்டை என்று எதைப் பார்சலில் அனுப்பினாலும் ஜனங்கள் செய்வினை என்றுதான் நினைப்பார்கள் என்று எனக்கே உறைத்தது. என் குட்டைத் தலையைக் காட்டியும் மனுஷன் மசியவில்லை. தபால் ஆபீசில் ஜிப் கவரை வெளியே தெரியும்படி காட்டிச் சொன்னேன். அங்கிருந்த அம்மா எடை போட்டு, ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "வெள்ளை முடி இருந்தா வாங்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார். நரை இருந்தால் சில இடங்களில் வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் வந்து சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ஒரு விக்குக்குப் பல பேருடைய முடி வேண்டும், ஆகவே என்னுடைய மூன்று கட்டு யார் தலைக்குப் போகும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. முடி மாதத்துக்கு அரை இஞ்ச் வளரும். கணக்குப் போட்டால் அடுத்த முறைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு பேண்டுக்கு மேலே வெட்ட வேண்டிய இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் போவேன்.