ரெண்டு ரீட்ரை

சர்வர்ல ஓடுற சென்ட்ஓஎஸ் 7ங்கிற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30ஓட சப்போர்ட் முடியுதுன்னு எல்லாருக்கும் எப்பவோ தெரியும், ஆனா எங்க ஆபீஸ்ல சர்வர் மாத்துற வேலை ஆரம்பிச்சது மே மாசக் கடைசில. அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, வீட்ல அடுப்பு அணைஞ்சப்புறம்தானே சிலிண்டர் புக் பண்றோம். டேட்டாபேஸ், வெப் சர்வர் எல்லாம் புது லினக்ஸான அல்மாலினக்ஸ் 9க்கு சத்தமில்லாம போயிடுச்சு. மாட்டினது ஒரே ஒரு பழைய சி புரோகிராம். கிளையன்ட் அனுப்புற ஃபைலை எடுத்து சரிபார்த்து அடுத்த சர்வருக்கு தள்ளிவிடுறதுதான் அதோட வேலை, எழுதினவரு வேலைய விட்டுப் போயி பல வருஷம் ஆச்சு, சோர்ஸ், அதாவது அவர் எழுதின கோடு மட்டும் ஒரு டார் ஃபைலா கிடந்துச்சு. ஏற்கெனவே கம்பைல் ஆன பழைய பைனரிய அப்படியே காப்பி பண்ணி ஓட்டிப் பாத்தா ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரியோட பழைய ஃபைலான லிப்கிரிப்டோ.எஸ்ஓ.10 இல்லன்னு சொல்லி நின்னுடுச்சு. சரி, சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணிடலாம், ஒரு மணி நேர வேலைன்னு மீட்டிங்ல வாயை விட்டது நான்தான். மூணு நாள் ஆச்சு.

முதல் நாள் காலைல வீணானதுக்கு காரணம் என் அவசரம். சர்வர்ல எட்டு கோர் இருக்கேன்னு மேக் ஜே8, அதாவது எட்டு வேலைய ஒரே நேரத்துல பில்ட் பண்ணுன்னு அடிச்சேன். ஸ்கிரீன் கடகடன்னு ஓடி கடைசில மேக் எரர் 2ன்னு வந்து நிக்கும், அதுக்கு மேல பத்து வரி வெறும் வார்னிங். நானும் அந்த வார்னிங்கையே கூகுள் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். எட்டு வேலை ஒண்ணா ஓடும்போது ஒண்ணு செத்தாலும் மத்த ஏழும் கையில இருக்கறத முடிச்சிட்டுதான் நிக்கும், அதனால உண்மையான எரர் எங்கயோ இருநூறு வரி மேல புதைஞ்சிருக்கும். இது தெரியாத ஆள் இல்ல நான், தெரிஞ்சும் பண்ணேன். அப்புறம் ஜே1 போட்டு, வர்றத எல்லாம் ஒரு ஃபைல்ல சேமிச்சு, அதுல முதல்ல வர்ற எரர் எதுன்னு தேடினேன். முதல் எரர மட்டும் பாத்தா போதும், மிச்சத்துல பாதி அதோட புள்ளைங்க.

முதல் எரர் ஆர்பிசி.எச் ஹெடர் இல்லன்னு, ஹெடர்னா சோர்ஸ் உள்ள இழுத்துக்கற அறிவிப்பு ஃபைல். இது சுலபம், பேக்கேஜ் போடுற டிஎன்எஃப் கமாண்ட்ல புரொவைட்ஸ்னு ஹெடர் பேரை போட்டு கேட்டா எந்த டெவெல் பேக்கேஜ்ல இருக்குன்னு அதுவே சொல்லிடும். லிப்டிஐஆர்பிசி டெவெல் போட்டேன், ஹெடர் டிஐஆர்பிசின்னு ஒரு சப் ஃபோல்டர்ல போய் உக்காந்திருந்ததால மேக்ஃபைல்ல அந்த பாதையையும் சேர்த்தேன். சந்தோஷமா அடுத்ததுக்கு போனா சிஸ்சிடிஎல்.எச் இல்லங்குது. அதே மாதிரி தேடுறேன், ஒரு பேக்கேஜும் வரல. பேக்கேஜ் வர்ற ரெப்போ சரியில்லன்னு நினைச்சு ஈபெல்ங்கிற கூடுதல் ரெப்போவ சேர்த்தேன், கேஷ் அழிச்சேன், ம்ஹூம். மத்தியான சாப்பாடு முடிஞ்சுதான் விஷயம் புரிஞ்சுது, லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32லயே, அதாவது 2020லயே அந்த ஹெடர தூக்கிட்டாங்க, இல்லாத பொருளை நான் கடை கடையா கேட்டுட்டு இருந்திருக்கேன். சோர்ஸ திறந்து பாத்தா அந்த ஃபைல்ல இன்க்ளூட் வரி மட்டும்தான் இருக்கு, அதுல இருந்து ஒரு ஃபங்ஷன் கூட யூஸ் பண்ணல. வரிய அழிச்சேன், போயிடுச்சு.

ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு நாள் சாப்பிட்டுச்சு. பழைய கோடு ஹாஷ் போடுற ஸ்ட்ரக்சர நேரா வேரியபிளா வச்சிருந்துச்சு, 2016ல வந்த 1.1.0லயே அதெல்லாம் மறைச்சு மூடிட்டாங்க, இனிமே பாயிண்டர்தான். அத்தனை இடத்துலயும் மாத்தணும், போர் அடிக்கிற வேலை, வேற சொல்ல ஒண்ணும் இல்ல.

மூணாவது நாள் எல்லா ஃபைலும் கம்பைல் ஆகி லிங்க் பண்ற, அதாவது எல்லாத்தையும் ஒரே புரோகிராமா சேர்க்கற இடத்துல வந்து நின்னுச்சு. ரீட்ரைங்கிற வேரியபிளுக்கு மல்டிபிள் டெஃபனிஷன், அதாவது ஒரே பேர் ரெண்டு இடத்துல இருக்குன்னு எரர். இது எனக்கு பழகின எரர்தான். சி கம்பைலரான ஜிசிசி 10 வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு ஃபைல்ல ஒரே பேர்ல குளோபல் வேரியபிள் மதிப்பு குடுக்காம இருந்தா லிங்கர் ரெண்டையும் சேர்த்து ஒரே இடமாக்கி பேசாம போயிடும். 2020ல அந்த டீஃபால்ட்ட மாத்திட்டாங்க. சென்ட்ஓஎஸ் 7ல இருந்தது ஜிசிசி 4.8, அல்மா 9ல 11. எஃப்காமன்னு ஒரு ஃப்ளாக் குடுத்தா பழையபடி ஆயிடும், குடுத்தேன், பில்ட் ஆயிடுச்சு, மெயிலும் டைப் பண்ண ஆரம்பிச்சுட்டேன்.

பக்கத்துல புதுசா சேர்ந்த பொண்ணு ஸ்கிரீன பாத்துட்டே இருந்துச்சு. "அண்ணா, கனெக்ட் ஃபைல்லயும் ரீட்ரை இருக்கு, சென்ட் ஃபைல்லயும் ரீட்ரை இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?"

ஆமான்னு சொல்ல வாயெடுத்து, சரி பாப்போம்னு திறந்தேன். ஒண்ணு இல்ல. கனெக்ட்ல இருக்கறது கனெக்ஷன் எத்தனை தடவை போச்சுன்னு லாக்ல எழுத மட்டும் எண்ணுறது. சென்ட்ல இருக்கறது ஒரு ஃபைல எத்தனை தடவை அனுப்பிப் பாத்தோம்னு எண்ணி, அஞ்சு வந்தா ஃபெயில் ஃபோல்டர்ல தள்ளுறது. பழைய சர்வர்ல லிங்கர் ரெண்டையும் ஒரே இடமாக்கிட்டதால, லைன் ஒரு தடவை போனா சென்ட் ஒண்ணு கூட்டும், திரும்ப சேர முயற்சி பண்ணும்போது கனெக்டும் அதே எண்ணுல ஒண்ணு ரெண்டு கூட்டும். லாக்ல அஞ்சு தடவை முயற்சின்னு இருக்கும், நிஜத்துல ஃபைல அனுப்பிப் பாத்தது ரெண்டு தடவை.

எங்க ஆபீஸ்ல தினமும் காலைல ஒருத்தர் வந்ததும் முதல் வேலையா ஃபெயில் ஃபோல்டர்ல கிடக்கற ஃபைல எல்லாம் கையால எடுத்து திரும்ப இன் ஃபோல்டர்ல போடுவாரு. நெட்வொர்க் சரியில்லன்னு நெட்வொர்க் டீமோட எத்தனை சண்டை, எத்தனை டிக்கெட்! அந்த ரெண்டு வரிலயும் சமம் சைபர்னு இருந்திருந்தா, அதாவது ரெண்டு பக்கமும் மதிப்பு குடுத்திருந்தா, பழைய லிங்கரே அன்னைக்கே கத்தியிருக்கும்.

எஃப்காமன எடுத்துட்டு ரெண்டு இடத்துலயும் முன்னாடி ஸ்டாட்டிக்னு ஒரு வார்த்தை போட்டோம், அது அந்தந்த வேரியபிள அந்தந்த ஃபைலுக்குள்ளயே வச்சுக்கும். புது சர்வர் லைவ் போன நாலாவது நாள் காலைல அந்த காலை ஷிஃப்ட்காரர் என் சீட்டுக்கு வந்து நிக்கறாரு, முகம் எல்லாம் பதட்டம்.

"அண்ணே, புது சர்வர் ஓடுதா இல்லையா? நாலு நாளா ஃபெயில் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் கூட வரல."