ராஜமலைக்குக் குடும்பத்தோடு: ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள்

மூணாறு என்றதும் மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன், கடைசியாக ராஜமலை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடுகிறார்கள். அப்படிப் போனால் குழந்தைகளுக்கு வாந்தியும் பெரியவர்களுக்கு முட்டிவலியும்தான் மிஞ்சும். இரண்டு இரவு தங்குங்கள். அதில் ஒரு முழுக் காலையை, ராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு என்றே வைத்துவிடுங்கள்.

முதலில் மாதம். வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். இது தெரியாமல் பிப்ரவரியில் அறை போட்டுவிட்டு வந்து கேட்டருகே நிற்கும் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஜனவரியில் கிளம்புவதாக இருந்தாலும் மூடும் தேதியைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மூடுபனியும். எதிரே நிற்கும் மலையே தெரியாது, சாலையில் மண்சரிவு வேறு. மே மாதத்தில் கூட்டம் தாங்காது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வார நாளாகப் பார்த்து வருவதே நல்லது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும் என்பதால் ஸ்வெட்டரோடு காதை மூடும் குல்லாவும் வேண்டும்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருபவர்களுக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. பூங்கா நுழைவாயில் இந்தச் சாலையிலேயே, மூணாறுக்கு முன்னால் வந்துவிடும். நடுவில் யானை நடமாடும் காடு இருப்பதால் பகலிலேயே கடந்துவிடுங்கள், வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். மதுரைப் பக்கத்தவர்களுக்குத் தேனி, போடி, போடிமெட்டு. அந்த ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு.

பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு வளைவு மட்டும் காரணமல்ல. கண் செல்போனில் பதிந்திருக்கும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு ஆடுவதை உணர்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு ஏற்ற வேண்டாம். பூரி, பால் இரண்டையும் தவிர்த்து இரண்டு இட்லி கொடுத்தால் போதும். ஏறி முடிந்ததும் போடிமெட்டில் கால் மணி நேரம் காற்று வாங்கவிடுங்கள்.

பூங்காவுக்கு நேரம் குறித்து ஆன்லைனில் டிக்கெட் எடுக்கலாம். இருப்பதிலேயே முதல் நேரத்தைப் பிடியுங்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் வரிசையிலேயே பாதிப் பொழுது போய்விடும். மேகம் ஏறுவதும் அந்த நேரத்தில்தான், வரையாடுகள் மேய்ச்சலை விட்டுப் பாறைப் பக்கம் ஒதுங்குவதும் அப்போதுதான். சொந்த வண்டி நுழைவாயில்வரைதான். அங்கிருந்து தேயிலைத் தோட்டம் வழியாகப் பூங்கா பஸ் மேலே கொண்டுபோய் விடும். பிறகு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் சீரான பாதை, மெல்லிய ஏற்றம். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம், உயரம் அப்படி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நடந்தால் எழுபது வயதுக்காரர்களும் போய்வரலாம். முட்டியைப் பிடிப்பது இறக்கம்தான், அதற்கு ஒரு கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டுப் புல்லில் கால் வைக்காதீர்கள். மழை நாளில் அட்டை ஏறும், எந்த நாளிலும் புல் நசுங்கும்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை இவ்வளவு பக்கத்தில் பார்க்க இதைவிட எளிய இடம் கிடையாது. கூட்டத்தில் கருத்துத் தடித்த ஆண் ஒன்று இருந்தால் அதன் முதுகைக் கவனியுங்கள்: சேணம் போட்டதுபோல ஒரு வெளிறிய திட்டு. வயது ஏறிய கிடாக்களுக்கு மட்டுமே அது தெளிவாகத் தெரியும். கொம்பு இரு பாலுக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்திருக்கும். மற்றவை தலை குனிந்து மேய, ஒன்று மட்டும் பாறைமேல் அசையாமல் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், காவலுக்கு. அப்போது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆடுகள் பாதைக்கே வந்துவிடும். தொடவும் கூடாது, சிப்ஸ் நீட்டவும் கூடாது. மனிதக் கைக்குப் பழகிய ஆடு மலைச்சரிவை விட்டுப் பாதையையே சுற்றத் தொடங்கிவிடும்.

எதிரே தெரியும் ஆனைமுடி 2,695 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரம். அதில் ஏற அனுமதி இல்லை. மடிப்புகளில் கறுத்துத் தெரிவது சோலைக்காடு, மற்றதெல்லாம் புல்வெளி. மழையைப் பஞ்சுபோல் குடித்துக் கோடையிலும் கசியவிடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். இந்த மலைகளின் ஒரு பக்கத்து நீர் பெரியாற்றுக்குப் போகிறது; கிழக்குப் பக்கத்து நீர் பாம்பாறாக இறங்கி, உடுமலை வழியாக வந்தவர்கள் கடந்து வந்த அமராவதி அணைக்கே போய்ச் சேர்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். குறிஞ்சிப் பூவுக்காக மட்டும் கிளம்ப வேண்டாம்: 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030-இல்.

மதியத்துக்கு மேல் எங்கும் போகாதீர்கள். சூடான சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் தேயிலைச் சரிவோரம் ஒரு நடை.

உடுமலை வழியாகத் திரும்புபவர்கள் மறையூரில் சர்க்கரை வாங்கலாம். அங்கே வெல்லத்தைச் சர்க்கரை என்றுதான் சொல்வார்கள், 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே பெயரில் வெளியூர் வெல்லமும் விற்கிறது. கையால் உருட்டிய உண்டை, விரல் பதிந்த தடம், கருஞ்சிவப்பு நிறம், உப்புக் கரிக்காத இனிப்பு, இவற்றைப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் கரும்புப்பால் காய்ச்சும் கொட்டகையிலேயே வாங்கிவிடலாம். சூடு ஆறாத உண்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து இளகிவிடும். காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.