புது கார் பிரேக் பிடித்தால் கத்துகிறதா, உதறுகிறதா?

ஷோரூமிலிருந்து எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத கார் பிரேக் பிடித்தால் கத்துகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிடும்" என்கிறார்கள். சில சத்தங்களுக்கு இது சரியான பதில்தான். சிலவற்றுக்கு ஆபத்தான பதில். எது எந்த வகை என்று பிரிக்க, தினமும் ஓட்டுகிறவரால்தான் முடியும். காலை ஏழு மணிக்கு பேஸ்மென்ட்டிலிருந்து ஏறி வரும்போது கேட்கிற சத்தம், மதியம் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது இருக்காது.

முதலில் ஒரே கேள்வி: பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் வருகிறதா, வைக்காதபோதும் வருகிறதா?

வைக்காதபோதும் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் பிரேக்கைச் சந்தேகிக்காதீர்கள். வீல் பேலன்ஸிங்கைப் பாருங்கள். ஸ்டாக் யார்டில் மாதக்கணக்கில் நின்ற காரில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் இருபது முப்பது கிலோமீட்டர் வரை குலுங்குவதும் உண்டு. வண்டி எப்போது தயாரானது என்று ஆர்.சி.யில் மாதமும் ஆண்டும் இருக்கும். டெலிவரி தேதிக்கும் அதற்கும் ஐந்தாறு மாத இடைவெளி இருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கால் வைக்காதபோதே 'கிரீச்' என்று தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற சத்தம் வந்து, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால், பல நேரம் அது ஒரு சின்னக் கல். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகர மூடி ஒன்று இருக்கும். ஜல்லி கொட்டிக் கிடக்கிற மெட்ரோ வேலை ரோடுகளில் ஓடும்போது இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கிக்கொள்ளும். காலி இடத்தில் பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகரத்தை விரலால் இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் போதும். இதற்காக பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இனி கால் வைத்தால் மட்டும் வருகிற சத்தங்கள்.

மழைக்கு மறுநாள் காலையில் முதல் ஐந்தாறு பிரேக் வரை 'கர்ர்' என்று உரசினால் கவலை வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரே இரவில் மேலே செம்மண் நிறத்தில் துரு படிந்துவிடும், பேட் தேய்த்து எடுத்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தோடு நிறுத்திய வண்டி காலையில் நகரும்போது 'டக்' என்று விடுபடுவதும் இதே துருதான். எலக்ட்ரிக் கார்களில் இது கூடுதலாக இருக்கும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலையே வருவதில்லை. ரீஜென் எனப்படும் இந்த மோட்டார் பிரேக்கிங்கைக் குறைந்த அளவுக்கு வைத்து, வாரம் ஒரு நாள் ஏழெட்டுத் தடவை நன்றாக பிரேக் பிடித்தால் சுத்தமாகிவிடும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து கிளம்பி, 15, 20 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஒரே ஒரு முறை 'டிக், ஸ்ஸ்' என்று கேட்டால், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஓடும்போது குழியிலோ மணலிலோ பிரேக் பிடித்து, பெடல் காலை உதைத்து 'தடதட' என்றால் அதுவும் ஏபிஎஸ்தான். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். பழைய காரிலிருந்து மாறியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, இன்னும் அழுத்த வேண்டும்.

பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சத்தம் ஒன்று உண்டு. சிக்னலில் பிரேக்கை மெல்லத் தளர்த்த, வண்டி ஊரத் தொடங்கும்போது 'ம்ர்ர்ங்' என்று அடித்தொண்டையில் முனகும். பேட் டிஸ்க்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகர்வதால் வருவது. ஆபத்து இல்லை. பாதி அழுத்தத்தில் ஊராமல் காலை முழுதாக எடுத்துவிட்டால் குறையும்.

காதைக் கிழிக்கிற 'கீ...ச்' மட்டும் காரணம் தேட வேண்டிய சத்தம். புது வண்டியில் பேட் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. புது பேட் பொதுவாக 10 மி.மீ. அளவில் இருக்கும், எச்சரிக்கைத் தகடு உரசிக் கத்துவது 2, 3 மி.மீ.க்கு வந்த பிறகுதான். டெலிவரிக்கு முன்போ பின்போ அண்டர்பாடி கோட்டிங் அடித்தார்களா என்று கேளுங்கள். சக்கரத்தை மூடாமல் அடித்தால் அந்தத் தார் மாதிரியான பொருள் டிஸ்க்கில் படும். வாட்டர் வாஷில் டயருக்கு அடிக்கும் பாலிஷும் அப்படித்தான் தெறிக்கும். டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பேடை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஒரு ஆக்சிலில் இருக்கும் நான்கு பேடையும் மாற்றித்தான் ஆக வேண்டும். கோட்டிங் அடித்தவர்கள் செய்த தவறு என்றால் செலவும் அவர்களுடையது.

சரி, உதறலுக்கு வருவோம். அதிகம் தவறாகக் கையாளப்படுவது இதுதான்.

80 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக பிரேக் பிடிக்கும்போது 70க்கும் 50க்கும் நடுவில் ஸ்டீயரிங் இடவலமாக உதறினால் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அசையாமல் சீட்டும் தரையும் நடுங்கினால் பின்பக்கம். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள காரில், ஆளில்லாத நேரான, காய்ந்த ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லிவரை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். அப்போதும் நடுங்கினால் பின் டிரம் அல்லது டிஸ்க் என்று உறுதி. பட்டன் வகை எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் இதைச் செய்யவே கூடாது. இன்னொரு அடையாளம்: வேகம் குறையக் குறையத் துடிப்பும் அதே கணக்கில் மெதுவானால் அது சக்கரத்தோடு சுற்றுகிற கோளாறு. 80ல் வினாடிக்கு ஏறக்குறைய 11 துடிப்பு, 40ல் அதில் பாதி. ஏபிஎஸ் உதைப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லாரும் "டிஸ்க் பெண்டு" என்பார்கள். புது காரில் டிஸ்க் வளைவது அபூர்வம். நடப்பது வேறு: டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே கைக்குத் தெரியும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத அளவு அது.

யார்டில் நின்ற வண்டியில் பேட் இருந்த இடம் தப்பிக்க, மற்ற இடமெல்லாம் ஆழமாகத் துருப்பிடித்திருக்கும். அலாய் வீல் இடைவெளியில் டார்ச் அடித்து, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். பளபளப்பான வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும், முந்திரிப்பருப்பைப் பெரிதாக்கியது போல, பேட் அளவுக்கு ஒரு திட்டு தெரிந்தால் கதை முடிந்தது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திட்டு ஓட்டுகிற விதத்தாலும் வரும். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கி, கீழே வந்ததும் காலை எடுக்காமல் வண்டியை நிறுத்தினால், கொதிக்கிற டிஸ்க்கில் பேடின் பூச்சு அந்த ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். மூன்றாவது, தேவைப்பட்டால் இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். கீழே வந்த பிறகு ஐந்து நிமிடம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். சூட்டோடு தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது.

மூன்றாவது காரணம் பஞ்சர் கடை. ஏர் கன்னை வைத்து ஒரே மூச்சில், அடுத்தடுத்த நட்டாக முடுக்கினால் டிஸ்க், ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பகுதி) மேல் துளி சாய்ந்து உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு மட்டும் பேடை லேசாக உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்த பிறகு உதறல் தொடங்கும். அதனால்தான் காரணத்தோடு யாரும் இதை முடிச்சுப் போடுவதில்லை. நட்டுகளைக் கையால் சுற்றி உட்காரவைத்து, எதிரெதிராக, இரண்டு சுற்றாக டார்க் ரெஞ்சில் (முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் "பிரேக் சத்தம்" என்று இரண்டே சொல் எழுத விடாதீர்கள். "வண்டி பத்து நிமிடம் ஓடிய பின், 80லிருந்து மெதுவாகப் பிடித்தால் 70-50க்குள் ஸ்டீயரிங் உதறுகிறது, கால் எடுத்தால் நிற்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள். சத்தம் என்றால், கண்ணாடியை இறக்கி, ஒரு காம்பவுண்ட் சுவரை ஒட்டி 15 கி.மீ. வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருப்பவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் தெளிவாக விழும். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.

உதறலுக்கு இரண்டு அளவு கேளுங்கள்: டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்த தடிமன், டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜில் எடுத்த ஆட்டம். காரில் பொருத்திய நிலையில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.1 தாண்டினால் விடக் கூடாது. டிஸ்க்கை மாற்றினாலும் லேத்தில் கடைந்தாலும் முதலில் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தாக வேண்டும். கடைகிறார்கள் என்றால் டிஸ்க் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹப்பைத் தொடாமல் பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தால் உதறல் திரும்பி வரும். பேட் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று சொல்வார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய காரில் டிஸ்க்கின் தடிமன் மாறியிருப்பதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது. அளவுகள் எழுத்தில் கையில் இருந்தால் வாதாட வேண்டியதே இல்லை.

பெடல் ஆழமாக இறங்கினாலோ, சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசிக் கருகல் வாடை வந்தாலோ, இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். அங்கேயே நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

புது டிஸ்க், பேட் போட்டு வாங்கிய பிறகு அவற்றைப் பழக்க வேண்டும். ஞாயிறு விடியற்காலை, நாடபிரபு கெம்பேகவுடா லேஅவுட் மாதிரி வீடுகள் நிரம்பாத இடத்தில், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, 60லிருந்து 10 வரை மிதமாக பிரேக் பிடியுங்கள், முழுதாக நிறுத்தாமல். அரை கிலோமீட்டருக்கு ஒரு முறை என எட்டிலிருந்து பத்துத் தடவை. லேசாகச் சூட்டு வாடை வரும், வரட்டும். கடைசித் தடவைக்குப் பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். அதற்குமுன் எங்கும் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிடாதீர்கள்.