8 இஞ்ச் ஊஃபருக்கு 185 மி.மீ. துளை: ஹோல் சாவை ஓரம் வைத்தாச்சு

நான் செய்யும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸில் ஒன்றின் முகப்புப் பலகை முடிந்தது. ஊஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) உட்காருவது இதில்தான். 18 மி.மீ. ஐ.எஸ். 710 (மரைன் தர) பிளைவுட், துளை 185, விளிம்பு பதிய 211 மி.மீ. விட்டத்தில் 5 மி.மீ. பள்ளம். இதற்கு முன் ஒரு பலகை விறகாகிவிட்டது. காரணத்தைக் கீழே பாருங்கள்.

போர்ட்டுக்கு (பாக்ஸின் காற்றுத் துவாரம்) 110 மி.மீ. பி.வி.சி. பைப். அந்த அளவு வரைக்கும், டிரில்லில் மாட்டும் கிண்ண வடிவ வாளான ஹோல் சாதான் சரி; 111 மி.மீ. பைமெட்டல் ஒன்று போதும். ஆனால் சாதாரண 10 மி.மீ. டிரில் 2600 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும். அதில் 111ஐ மாட்டினால் பல் கருகும், சிக்கினால் மணிக்கட்டு திருகும். கியர் மாற்றும் 13 மி.மீ. டிரில்லில் 300க்குக் கீழே ஓட்டுங்கள். வெட்டுக்கோட்டின் மேலேயே, கழிவுப் பக்கமாக 8 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டுவிட்டால் தூள் அதில் இறங்கிவிடும், புகை வராது. ஹோல் சாவின் நடுவில் இருக்கும் பைலட் பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பிப் போட்டு வெட்டினால் சிலாம்பு எடுக்காது.

185க்கு ஹோல் சா தேடுவது வெட்டிச் செலவு. ஒற்றைக் கை சர்க்கிள் கட்டரை டிரில் பிரஸ் இல்லாமல் தொடவே கூடாது. ஜிக்சா வெட்டும், ஆனால் பிளேடு வளைந்து அடிப்பக்கம் கோணிக்கொள்ளும். பள்ளமும் எடுக்க முடியாது.

ஆகவே டிரிம்மர், அதாவது சுழலும் பிட்டால் மரத்தைக் கடையும் சின்ன ரவுட்டர். அதன் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, அதே ஸ்குரூ ஓட்டைகளுக்கு 6 மி.மீ. ஹைலம் (கெட்டியான லேமினேட் தகடு) பட்டை. பட்டையின் மறுமுனை பலகையின் மையத்தில் உள்ள ஆணியைச் சுற்றும், பிட் வட்டமாக வெட்டும்; இதுதான் ஜிக். பிட் 6 மி.மீ. கார்பைடு, இந்த பிளைவுட்டின் பசை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைச் சீக்கிரமே மழுக்கிவிடும்.

இப்போது விறகான கதை. மைய ஆணியிலிருந்து பிட்டின் வெளி விளிம்பு வரை 92.5 வர வேண்டும், அதாவது பிட் மையத்துக்கு 89.5. உள் விளிம்புக்கு அளந்தால் விட்டத்தில் 12 மி.மீ. கூடி 197 ஆகிவிடும். ஸ்பீக்கரின் ஸ்குரூ அந்தரத்தில் நிற்கும்.

வரிசையும் முக்கியம்: முதலில் பள்ளம், பிறகுதான் துளை. துளை விழுந்தால் மையமும் அதோடு போய்விடும். பள்ளத்துக்கு வெளி விளிம்பு ஆரம் 105.5, 100, 95 என மூன்று சுற்று. ஹைலத்தில் இந்த ஆரங்களுக்கான ஆணி ஓட்டைகளை ஒரே கோட்டில் போடாதீர்கள், ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சம் விலக்கிப் போடுங்கள். துளைக்கு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. ஆழம், கடிகாரத் திசையில். அந்த 6 மி.மீ. பட்டை பிட் நீளத்தைத் தின்றுவிடும் என்பதால், எட்டாவிட்டால் மைய ஓட்டையை முழுக்கப் போட்டு மறுபக்கத்திலிருந்தும் வெட்டலாம். கடைசிச் சுற்றுக்கு முன் நடுவட்டத்தை அடிப்பலகையோடு டபுள் சைடு டேப்பில் ஒட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் வட்டம் நகர்ந்து, பிட் விளிம்பைக் கடிக்கும்.

அக்ரிலிக் முகப்புக்கும் இதே ஜிக்தான். ஆனால் வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்றுக்கு 2 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். உருகிப் பிட்டில் ஒட்டிக்கொண்டால் விளிம்பு நாசம்.

ஸ்பீக்கரும் டெர்மினலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பிட்டுக்குப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளைப் பாருங்கள். வாங்கும் முன் பிட்டின் தண்டை வெர்னியரை வைத்து அளந்துவிடுங்கள். 6.35 மி.மீ. தண்டுள்ள பிட்டை 6 என்று கொடுத்துவிடுவார்கள், டிரிம்மரில் பிட்டைப் பிடிக்கும் 6 மி.மீ. கோலெட்டில் அது நுழையாது.

இரண்டாவது பலகையில் பள்ளம் வரை வந்தாச்சு. முகப்பு ஓரத்துக்கு 12 மி.மீ. ரவுண்ட் ஓவர் (ஓரத்தை உருட்டும்) பிட் பார்த்து வைத்திருக்கிறேன். துளை போட்டதும் அதுதான்.