பட்டியலில் பெயர் வராத பேஸ்பால் புல்பென் பிட்சர்களுக்கு

மேஜர் லீக் அணிகள் தங்கள் 40 பேரைக் காத்துக்கொள்ளும் நவம்பர் பட்டியல் வந்தாயிற்று. 40 பேரில் பெயர் இல்லாதவர்கள் ரூல் 5 (அந்தப் பட்டியலில் இல்லாத மைனர் லீக் ஆட்களை வேறு அணிகள் எடுக்கும் டிசம்பர் தேர்வு) கணக்கை முதலில் பாருங்கள். உங்களை எடுக்கிற அணி 1,00,000 டாலர் கட்டணும், அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக்கில் ஆடும் 26 பேருக்குள் வைத்திருக்கணும். இப்படி ஒளித்து வைக்க ஆட்டத்தின் நடுவில் இறங்கும் ரிலீஃப் பிட்சரைவிட வசதியான ஆள் கிடையாது. கைவிட்டுப்போன ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸைக் கொடுத்தே சீசனை ஓட்டிவிடலாம். ஆகவே டிசம்பர் வரை வீசுவதை நிறுத்தாதீர்கள்.

பெயர் விடுபட்டதும் எல்லோரும் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடத்தில்) வீணாகிற பந்துகளை முதலில் எண்ணுங்கள். ஆறாவது இன்னிங்ஸில் எழுப்புவார்கள், 25 பந்து. உட்காரச் சொல்வார்கள். எட்டாவதில் திரும்ப 25. அப்புறம் ஆட்டத்தில் 18. ஸ்கோர் ஏட்டில் ஏறுவது அந்த 18 மட்டும்தான். "நேற்று 18தானே?" என்று மறுநாளும் போன் அடிக்கும். 68 பந்து போட்ட கை, ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகவேண்டிய பந்தை) நடுவில் தொங்கவிடும்.

வார்ம்-அப் இப்படி:

- ஐந்தாவது இன்னிங்ஸில் ரப்பர் பேண்ட், பிளையோ பந்து (எடை கூடிய பயிற்சிப் பந்து). உடம்பு வியர்த்தால் போதும்.
- போன் வந்ததும், கேட்சர் நின்றபடி இருக்க 4.
- அவர் உட்கார்ந்ததும் ஃபாஸ்ட்பால் 6, ஸ்லைடர் 3, சேஞ்ச்அப் (வேகம் குறைத்த பந்து) 2. மொத்தம் 15. அதற்குமேல் போடுவதெல்லாம் பதற்றத்துக்கு.
- எல்லாமே ஸ்ட்ரெட்ச்சிலிருந்து (பேஸில் ஆள் இருக்கும்போது வீசும் சுருக்கமான நிலை). பேஸில் ஆள் நிற்கும்போதுதானே கூப்பிடுகிறார்கள்!
- உட்கார்ந்து மறுபடி எழுந்தால் 6 போதும்.
- மொத்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, கோச் கேட்குமுன் சொல்லுங்கள். வாய்மூடி இருப்பவருக்குத்தான் மூன்றாம் நாளும் அழைப்பு வரும்.

ஈ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் ஏறும் ரன் சராசரியை) நம்பி ஏமாறாதீர்கள். முன்னவர் பேஸில் விட்டுப்போன இரண்டு பேரும் உங்கள் கையில் ரன் எடுத்தால் அது அவர் கணக்கு. உங்களுடையது 0.00 என்றே நிற்கும், மேலே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியும். அவர்கள் பார்ப்பது வாக்கையும் (நான்கு தப்பான பந்தால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) ஸ்ட்ரைக்அவுட்டையும்.

இடதுகைக்காரர்களே, ஒரே ஒரு இடதுகை பேட்டருக்காக வந்து போகிற வேலை 2020-லேயே முடிந்தது. மூன்று பேரையாவது சந்திக்கணும், இல்லையேல் அந்த இன்னிங்ஸை முடிக்கணும். வலதுகை பேட்டருக்கென்று சேஞ்ச்அப்போ கட்டரோ (கடைசியில் லேசாக விலகும் வேகப்பந்து) இல்லாமல் போகாதீர்கள்.

மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏவில் பசிபிக் கோஸ்ட் லீக் கிடைத்தால் கர்வ்பாலை மட்டும் நம்பாதீர்கள். ஆல்புகர்க்கி 5,000 அடி உயரம். காற்று மெலிந்திருப்பதால் சுழற்சியால் வரும் வளைவு குறையும், அடித்த பந்தும் கூடுதல் தூரம் போகும். துப்பாக்கிக் குண்டுபோல் சுழல்கிற ஸ்லைடருக்குப் பாதிப்பு குறைவு. அங்கே அதுதான் சோறு போடும்.

பட்டியலில் ஏறியவர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். ஆப்ஷன் (உங்களை மைனர் லீக்குக்கு அனுப்ப அணிக்கு உள்ள உரிமை) இருக்கும்வரை நீங்கள் பந்தயக் குதிரை இல்லை, ஷட்டில் பஸ். நேற்று 40 பந்து போட்டுக் காப்பாற்றியவரை இன்று கீழே அனுப்பி, களைக்காத கையை மேலே எடுப்பார்கள். பிட்சர் என்றால் பொதுவாக 15 நாள் கீழேதான். ஒரு சீசனில் ஐந்து முறைவரை இப்படிச் செய்யலாம். 2023-இல் டிரிபிள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர், மேஜர் லீக்கில் 7,20,000. ஆகவே மேலே இருக்கும் ஒவ்வொரு நாளையும் எண்ணி வையுங்கள்.

ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தமில்லாதவர்) ஆனவர்கள் மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் விலகும் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வேறு அணி புல்பென்னில் இடம் காலியாக இருந்தாலும் சீசன் முடியும்வரை அங்கேயே கிடக்கணும்.