சுகாமோவின் சிவப்பு

டோக்கியோவில் உடை பார்க்க வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் ஹராஜுகுவுக்கு வழி சொல்கிறார்கள். போனேன். விதவிதமாக உடுத்திய பிள்ளைகளைவிட அவர்களைத் தேடிக் கேமராவுடன் அலைபவர்களே அதிகம். அங்கிருந்து அதே யாமனோட்டே வட்ட ரயிலில் 8-வது நிறுத்தம் சுகாமோ. 'பாட்டிமாரின் ஹராஜுகு' என்று டோக்கியோக்காரர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கேலியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் உடுத்துவதில் இத்தனை யோசனை செலவழிக்கும் தெருவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜிசோ-டோரி என்ற அந்தக் கடைத்தெரு ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) டோக்கியோவிலிருந்து மலைகள் வழியாகக் கியோட்டோவுக்குப் போன நகசெண்டோ நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. மாதந்தோறும் 4, 14, 24 ஆகிய தேதிகளில் கோயில் சந்தை கூடும். நான் போனது நவம்பர் 24. காலை பத்து மணிக்கே நடக்க இடமில்லை. இது காலைக் கூட்டம். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்களின் கூட்டம். மாலையில் சாவகாசமாகப் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு மடக்கிய கடைகள்தான் மிஞ்சும்.

ஒரு தேநீர்க் கடையின் வெளிப்பெஞ்சில் இடம் கிடைத்தது. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன். எண்பது வயதுக்காரரைக் கேட்காமல் படமெடுப்பதும், கேட்டுவிட்டு அவர் கூச்சத்தோடு நிமிர்ந்து நிற்பதைப் படமெடுப்பதும் இரண்டுமே எனக்கு ஒவ்வாதவை.

முதலில் கண்ணில் படுவது தலை. தொப்பி இல்லாத தலையே அபூர்வம். வெயிலுக்கு விளிம்பு வைத்தது, குளிருக்குக் கம்பளியில் பின்னியது, இரண்டுக்கும் ஆகட்டும் என்று துணியில் தைத்தது. அதற்குக் கீழே மெல்லிய கழுத்துத் துணி. பிறகு அடுக்கடுக்காக உடைகள்: உள்ளே பின்னலாடை, மேலே பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை, அதற்கும் மேலே முன்பக்கம் ஜிப் வைத்த அங்கி. தலைவழியாக மாட்டும் உடை எதுவும் இல்லை. தோளை உயர்த்த முடியாதவர்களுக்கு முன்பக்கம் திறக்கும் உடைதான் உடை. கால்சட்டை இடுப்பில் எலாஸ்டிக். கணுக்காலுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும், தடுக்கக் கூடாது அல்லவா. காலணியில் கயிறு கட்டியிருக்கிறதே, குனிந்து எப்படிக் கட்டுகிறார்கள் என்று உற்றுப் பார்த்தேன். கயிறு வெறும் அழகுக்கு. பக்கவாட்டில் ஜிப் இருக்கிறது.

கைகள் காலியாக இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். தோளில் தொங்கும் பை கிடையாது. முதுகுப்பை, அல்லது மார்புக்குக் குறுக்கே மாட்டிய சின்னப் பை. பலர் நான்கு சக்கரத் தள்ளுவண்டியோடு வருகிறார்கள். நடக்கும்போது ஊன்றுகோல், வாங்கியதைப் போட்டுக்கொள்ளக் கூடை, களைத்தால் பிரேக்கை அழுத்திவிட்டு மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ள இருக்கை. அந்த வண்டியின் கைப்பிடியில் கோயில் தாயத்தும் ஒரு மணியும் தொங்கும். ஆக, வருவது யார் என்று பார்க்கும் முன்பே கேட்டுவிடும்.

இவ்வளவும் மூட்டும் இடுப்பும் தோளும் எடுத்த முடிவுகள். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தபின் எனக்கு வேறொன்று பிடிபட்டது. இப்படி உடம்பின் பேச்சைக் கேட்டு உடுத்திய ஒவ்வொருவரிடமும், எந்தப் பயனும் இல்லாத ஒரே ஒரு ஆடம்பரம் இருந்தது. பழுப்பு அங்கியும் பழுப்புக் கால்சட்டையும் போட்டவரின் நரைமுடியில் இளம் ஊதாச் சாயம். சாம்பல் நிறத்தில் மூழ்கி வந்த இன்னொருவருக்கு மார்பில் தட்டான்பூச்சி வடிவ உடையூசி. கையுறையைக் கழற்றிக் காசு எண்ணியவரின் நகங்களில் பவழ நிறப் பூச்சு. அதன்பிறகு எனக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது: வருகிறவரின் ஆடம்பரம் எது என்று அவர் என்னைக் கடந்து போவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். சிலரிடம் தோற்றேன். அவர்கள் அதை உள்ளே போட்டிருந்திருக்கலாம்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. இந்தத் தெருவின் மிகப் பேர்போன சரக்கு சிவப்பு உள்ளாடை. மருஜி என்ற கடைக்கு இதே தெருவில் சில கிளைகள் உண்டு. அதில் ஒன்று முழுக்க முழுக்கச் சிவப்பு. உள்ளாடை, பனியன், காலுறை, இடுப்புப் பட்டை எல்லாம் அப்பட்டமான குங்குமச் சிவப்பு. தொப்புளுக்குக் கீழே உடம்பின் ஆற்றல் குடியிருப்பதாகவும், அந்த இடத்தில் சிவப்பு பட்டால் சூடும் தெம்பும் வரும் என்றும் நம்பிக்கை. அவரவர் பிறந்த ஆண்டின் விலங்கைப் பூவேலை செய்த உள்ளாடைகளும் இருக்கின்றன. எலி, புலி, முயல் என்று பன்னிரண்டு.

ஜப்பானில் அறுபது வயது நிறைந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் கையில்லாச் சிவப்பு அங்கியும் அணிவிப்பார்கள். பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் சேர்ந்த 60 ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டே திரும்ப வருகிறது. ஆள் மறுபடி குழந்தையாகிறார், குழந்தைக்குச் சிவப்பு. பிரபவ முதல் அட்சய வரை எண்ணி அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஜவுளிக்கடையில் "பெரியவர்களுக்கு" என்று சொன்ன உடனே விற்பனையாளரின் கை தானாக வெளிர் நிற அடுக்குக்குப் போய்விடும். மாலை மாற்றிய கையோடு நிறங்களையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுபோல. எனக்கு இதில் வெகுநாள் கோபம். கடையிலிருந்தே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சிவப்பிலா? இந்த வயதில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

"அம்மா, காலுறைதான். புடவைக்குள்ளே யாருக்குத் தெரியப்போகிறது?"

சற்று நேரம் பதிலில்லை. "அப்படியானால் இரண்டு ஜோடி வாங்கு. ஒன்று உன் சித்திக்கு."

தெருவின் நடுவில் கோகன்ஜி கோயில். 1596-இல் தொடங்கிய கோயில், இந்த இடத்துக்கு வந்தது 1891-இல். மூலவரான ஜிசோவை யாரும் பார்க்க முடியாது. கூட்டமெல்லாம் வெளியே நிற்கும், கருணைத் தெய்வமான கன்னோனின் கற்சிலைக்குத்தான். உங்களுக்கு உடம்பில் எங்கே வலியோ, சிலையின் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் தேய்க்கும் பிரஷ் வைத்திருந்தார்கள். பழைய சிலை தேய்ந்தே போய், 1992-இல் புதியது வந்தது. அதிலிருந்து வெள்ளைத் துணி மட்டும். மனிதர்களை வேடிக்கை பார்க்க இதைவிட நேர்மையான இடம் கிடையாது. தெருவில் நிமிர்ந்து, தட்டான்பூச்சி குத்தி, மணி ஒலிக்க வந்தவர்கள் இங்கே வந்ததும் தங்கள் உடம்பைச் சொல்லிவிடுகிறார்கள். முழங்கால், முழங்கால், தோள், மறுபடி முழங்கால். ஒருவர் சிலையின் தலையை மட்டும் அழுத்தித் துடைத்தார். தலைவலிக்கா, மறதிக்கா என்று கேட்க எனக்கு மொழி இல்லை.

ஆண்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்ணற்ற பைகள் வைத்த கையில்லா அங்கி, தட்டைத் தொப்பி, மனைவியின் முதுகுப்பை. கடை வாசலில் நிற்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

பெஞ்சுக்குத் திரும்பி, உப்புச் சுவை கலந்த மாவுக்குள் இனிப்புப் பயறு வைத்த ஷியோ தைஃபுகுவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி ஒரு பாட்டி உட்கார்ந்தார். ஊதாத் தலை, இலைப் பச்சைக் கழுத்துத் துணி. இவருக்கு இரண்டு ஆடம்பரம் என்று கணக்கு வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் துப்பட்டாவைப் பார்த்தார். செட்டிநாட்டுப் பருத்தி. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒருமுறை தேய்த்தார். துணி தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் அப்படித்தான் கேட்பார்கள். "பருத்தி" என்று தமிழிலேயே சொன்னேன். ஆமோதித்தார். பிறகு தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அதன் நுனியையும் தன் வண்டிச் சக்கரத்தையும் மாறிமாறிக் காட்டி, தலையை அசைத்துக் கண்டிப்பாக ஏதோ சொன்னார். இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடும்படி கையால் செய்தும் காட்டினார்.

போட்டேன். போதவில்லை, முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளச் சொன்னார். தள்ளியதும் சற்றுப் பின்னால் சாய்ந்து, தையற்காரர் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்து, "யோஷி" என்றார். தெருவின் மறுகோடியில் கோஷின்ஸுகா நிறுத்தம். டோக்கியோவில் மிஞ்சியிருக்கும் பழைய டிராம் அங்கே நிற்கும். அந்தக் கோலத்திலேயே ஏறினேன். இரண்டு கைகளும் காலியாக இருந்ததால் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது.